சத்தப் பிரியர்

அலுவலகத்தில் அவரைப் பேர்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். சொந்தமாக ஒரு பெயரும் அவருக்கு உண்டு. மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் தலைகாட்டிவிட்டு அது உள்ளே போய்விடும்.

அது ஒரு விளம்பர நிறுவனம். யார் எதை வாங்கினார், எந்தக் கடை வாசலில் நின்று யோசித்துவிட்டு வாங்காமல் போனார், எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினார் என்றெல்லாம் செய்திகள் கீழ்த்தளத்துக்கு வந்து குவியும். அங்கே இருப்பவர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஆட்களை ஒரு கட்டாகக் கட்டி மேலே அனுப்புவார்கள். பேர் இல்லாத கட்டை விற்க முடியாது. அதற்குப் பேர் வைப்பதுதான் இவர் வேலை. கழுத்துவரை கடனில் நிற்பவர்களுக்குத் 'துணிந்தவர்கள்' என்று பேர் வைத்தார். மணவாழ்க்கை முறிந்தவர்கள் 'புதுக் காலை'. முடி கொட்டுகிறவர்கள் 'விரிந்த நெற்றியினர்'. தூக்கம் வராமல் கண்டதையும் தேடிக்கொண்டிருப்பவர்கள் 'நிலாத் தோழர்கள்'. பேர் தப்பித் தவறி வெளியே கசிந்தாலும் யாருக்கும் கோபம் வரக் கூடாது. வந்தாலும், அது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது குணம்தான் நல்ல பேரின் அடையாளம் என்பது அவர் கொள்கை.

இன்னொரு வேலையும் அவருடையதுதான். புதுத் தொலைக்காட்சியோ கைபேசியோ வாங்கினால் முதலில் ஒரு பக்கம் நிறைய எழுத்து வந்து நிற்குமே, கீழே 'சம்மதம்' என்று பச்சைப் பட்டை இருக்குமே, அந்தச் சம்மதத் திரையை எழுதுவது. 'மறுக்கிறேன்' என்பதும் அதில் உண்டு. சாம்பல் நிறத்தில், மூன்று கதவு தள்ளி உள்ளே, வேண்டாத விருந்தாளிக்குப் போட்ட கட்டில் மாதிரி ஒரு மூலையில் இருக்கும். மறுக்காதவர் சம்மதித்தவர் என்பது தொழிலின் அடிப்படை விதி. மௌனம் சம்மதம் என்று நம் முன்னோர்கள் வேறு ஏதோ சந்தர்ப்பத்தில் சொல்லிவைத்ததை இவர்கள் வியாபாரமாக்கிக்கொண்டார்கள்.

ஊராரின் மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த இந்த மனிதர், தன் வீட்டுக் கதவில் பெயர்ப்பலகை வைத்ததில்லை. பார்சல் வந்தால் முகவரி ஒட்டிய காகிதத்தை உரித்து, கிழித்து, தண்ணீரில் ஊறவைத்துத்தான் குப்பையில் போடுவார். கடைகளில் போன் நம்பர் கேட்டால் எப்போதோ செத்துப்போன ஒரு நம்பரைச் சொல்வார். மடிக்கணினியின் கேமரா மேல், மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து வந்த காயப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்.

"கேமராவுக்கு அடி பட்டிருக்கா அப்பா?" என்று கல்லூரியில் படிக்கும் மகள் கேட்பாள்.

"உனக்குத் தெரியாது. உலகம் கெட்டுக் கிடக்கு."

"கெடுக்கறது யாரு?"

அவர் எழுந்து போய் வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். மனிதன் தன் தொழிலை நம்புவதற்கும் தன் வீட்டைப் பூட்டுவதற்கும் இடையில் உள்ள தூரத்தை வைத்து அந்தத் தொழிலை அளந்துவிடலாம். இவர் வீட்டில் பூட்டு இரண்டு.

இத்தனை எச்சரிக்கை உள்ளவர் ஒரே ஓர் இடத்தில் சறுக்கினார். பெரிய தொலைக்காட்சி வீட்டுக்கு வந்த அன்று, ஆட்டம் தொடங்கப்போகிற நேரம். சம்மதத் திரை வந்து நின்றது. அவர் பார்த்தார், அவர் எழுதியதேதான். எழுதினவனுக்கு வாசிக்க என்ன இருக்கிறது? மறுக்கிறேன் எங்கே இருக்கிறது என்பது உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவ்வளவு உள்ளே போய்வர ஆட்டம் பொறுக்காது என்பதும் தெரியும், ஏனென்றால் அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருந்தார். பச்சையை அழுத்திவிட்டு உட்கார்ந்தார்.

ஆட்டம் நன்றாக இருந்தது. வர்ணனைதான் சரியாகக் கேட்கவில்லை.

முதலில் இடது காது போயிற்று. பிறகு வலது காதும் அதற்குத் துணையாகக் கிளம்பியது. எல்லாருக்கும் வருவதுதான், கண்ணாடி போடுவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் அவர் அலுவலகத்தில் ஒரு முன்னுதாரணம் இருந்தது. எழுத்துகளின் வடிவம் பார்க்கும் ஒருவருக்குக் கண் மங்குகிறது என்று தெரிந்ததுமே, "கொஞ்சம் ஓய்வான வேலை" என்று சொல்லி, உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் அவருக்கு மேசை போட்டார்கள். அந்த மேசையைக் கடந்துதான் பேர்க்காரர் தினமும் போக வேண்டியிருந்தது.

அதனால் மறைத்தார். உணவகத்தில் சுவரோர மேசைதான் கேட்பார். போனில் பேச மாட்டார், எழுதி அனுப்புவார். கூட்டங்களில் பேசுகிறவரின் உதட்டையே பார்ப்பார். பார்க்க முடியாதபோது புன்னகையோடு தலையாட்டுவார். இடையிடையே, "யோசிக்க வேண்டிய விஷயம்" என்பார். எந்தக் கூட்டத்திலும் அது பொருந்தும்.

விளைவு விபரீதமாக இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. நாம் பேசும்போது குறுக்கே பேசாத, கண்ணை எடுக்காத, கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் என்றார்கள். வாடிக்கையாளர் பிரிவுக்குத் தலைவர் வேண்டியிருந்தது. "நல்லாக் காது கொடுத்துக் கேக்கறவர் அவர்தான்" என்று மேலாளர் அவர் பெயரை முன்மொழிந்தார். அறிவிப்பு வர வேண்டியதுதான் பாக்கி. அதுவரை காதை மறைத்துவிட்டால் போதும். தலைவரான பிறகு காது கேட்காவிட்டால் அது பெரிய குறையில்லை, இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு.

வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று.

"அடுத்த தெருக்காரங்களும் சேர்ந்து பார்க்கட்டும்னு வச்சிருக்கா?" என்றாள் மகள்.

"செய்தி வாசிக்கறவர் முணுமுணுக்கறார்."

"அவர் கத்தறார் அப்பா. தொண்டை கட்டிக்கப் போகுது பாவம்."

"விடுடி, எனக்கும் கொஞ்சம் சத்தமா இருந்தாத்தான் பிடிக்கும்" என்பாள் அவர் மனைவி, கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே.

இந்த நேரத்தில்தான் காது மெஷின் செய்கிற ஒரு நிறுவனம் விளம்பரத்துக்கு வந்தது. அதன் தலைவி நேரே விஷயத்துக்கு வருகிற அம்மாள். "காது போனவங்க வாங்க மாட்டேங்கறாங்க. விளம்பரத்தைப் பார்த்தாலே மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. என்ன பண்ணலாம்?"

மேசையைச் சுற்றி யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து அழுத்தமாகப் பேசுகிறவர். அதனால் பேர்க்காரருக்குக் கேட்டது.

"காது போனவனுக்கே காட்டறது, செவிடன் காதில ஊதின சங்கு. அவன் பெண்டாட்டிக்குக் காட்டுங்க. பொண்ணுக்குக் காட்டுங்க. அவனுக்கு மட்டும் காட்டாதீங்க. வீட்ல இருக்கறவங்களே ஆளைப் பிடிச்சுக் குடுத்துடுவாங்க."

"யாருக்குக் காது போச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னார். டி.வி. சத்தம் மாதா மாதம் ஏறும். போன் பேச்சு குறைந்து எழுத்து கூடும். சுவரோர மேசை கேட்பான். படத்துக்கு அடியில் எழுத்து ஓட வேண்டும் என்பான். ஒவ்வொன்றும் தன் உடம்பிலிருந்தே பிடுங்கி எடுத்து மேசையில் வைத்தது. சொந்தக்காரன் பேரை மட்டும் வைக்கவில்லை. ஊரார் வெட்கத்தை விற்றுப் பிழைத்தவர், கையிருப்பு தீர்ந்ததும் சொந்த வெட்கத்தையும் விலைக்கு வைத்தார். அந்தக் கட்டுக்குப் பேரும் அங்கேயே பிறந்தது: சத்தப் பிரியர்.

"அபாரம்" என்றார் மேலாளர்.

கீழ்த்தளத்துக் கணினிகள் ஆட்களைத் தேடத் தொடங்கின. கணினிக்கு முகதாட்சணியம் கிடையாது.

சில வாரங்கள் கழித்து, அந்த அம்மாளுக்கு வேலையைச் செய்துகாட்டுவது பற்றிக் கூட்டம் நடந்தது. மேலாளர் சுவர்த்திரையைப் பார்த்தபடி, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். "பொம்மை வீடு காட்டினா அந்தம்மா நம்பாது. உண்மையான வீடு ஒண்ணைக் காட்டணும். நம்ம ஆளுங்க வீடுன்னா வம்பு வராது. பேர்க்காரரே, பேர் வச்சது நீங்க, உங்க வீட்டையே போட்டுடலாமா? உங்களுக்குச் சம்மதம்தானே?"

முதுகுக்கு உதடு இல்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பது மட்டும் பேர்க்காரருக்குத் தெரிந்தது. புன்னகையோடு தலையாட்டினார். 'சம்மதம் பெறப்பட்டது' என்று குறித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை மகள் ஒரு கேள்வியோடு காத்திருந்தாள். "எனக்கு எதுக்கு அப்பா காது மெஷின் விளம்பரமா வருது? அம்மா போன்லயும் வருது. உங்க போன்ல வருதா, காட்டுங்க."

அவர் காட்டினார். அதில் ஷூ விளம்பரம் வந்தது, குடை வந்தது, எங்கோ ஒரு தீவுக்குச் சுற்றுலா வந்தது. காது மட்டும் வரவில்லை.

"உங்களுக்கு மட்டும் வரலையே! ஏன்?"

ஏன் என்று அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஏதோ வந்துட்டுப் போகுது. தள்ளி விட்டுட்டுப் போ" என்று அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு இன்னும் தெரியாது என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

தனியாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, மூன்று கதவுகளையும் தாண்டி உள்ளே போய், 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினார். நன்றி என்றது திரை. 'உங்கள் மறுப்பு முப்பது வேலை நாட்களில் நடைமுறைக்கு வரும்.' அந்த வாக்கியமும் அவர் எழுதியதுதான். ஒரு காலத்தில் அதற்காகப் பரிசுகூடக் கொடுத்தார்கள்.

செய்துகாட்டும் நாள் வந்தது. தலைவர் அறிவிப்பும் அன்றே என்று பேச்சு. பேர்க்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எல்லா உதடுகளும் தெரிகிற மாதிரி இடம் பிடித்தார். விளக்கை அணைத்தார்கள். உதடுகள் மறைந்தன, திரை எரிந்தது. படிக்கக் காது வேண்டியதில்லை.

'வீட்டில் மூவர். தொலைக்காட்சி ஒலி ஓராண்டாக ஏறுமுகம். வீட்டுத் தலைவர்: போன் பேசுவதைத் தவிர்ப்பவர், சுவரோர மேசை கேட்பவர். வகை: சத்தப் பிரியர். மறைக்கும் நிலை: முற்றியது. மகள்: சந்தேகிக்கத் தொடங்கியவர்.'

கடைசியில் மனைவி. 'அறிந்தவர், சொல்லாதவர். காது மெஷின் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு விலக்குகிறார். குறிப்பு: தொலைக்காட்சி ஒலியைக் கூட்டுவது இவருடைய கைபேசி.'

அவர் அதை இரண்டாம் முறை படித்தார். வீட்டில் ஒரு பெண், புருஷன் கூச்சப்படுவானே என்று, அவன் கை நீளும் முன்பே சத்தத்தைக் கூட்டிவைத்து, பழியையும் தன் மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அதன் அழகே. அதை முன்பின் தெரியாத கூட்டத்தோடு உட்கார்ந்து, சுவரில், தடித்த எழுத்தில் அவர் தெரிந்துகொண்டார். திருட்டுகளில் இதற்கு என்ன பேர் என்று எந்தச் சட்டமும் இன்னும் யோசிக்கவில்லை.

விளக்கு வந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். "இது என் வீடு. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

மேலாளர் இந்த முறை நேராகப் பார்த்துப் பேசினார். "உங்களைத்தான். அன்னைக்குக் கூட்டத்துல கேட்டேன், தலையாட்டினீங்களே! எல்லாரும் பார்த்தாங்க."

"நீங்க கேட்டது என் காதில விழல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காது மெஷின் அம்மாளுக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்ப இவருக்கு நிஜமாவே கேக்காதா? உங்க கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லியிருக்கு!" கையைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். கைதட்டல் அவருக்கு ஓரளவு கேட்டது.

ஒப்பந்தம் அன்றே கையெழுத்தானது. மறுநாள் மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கூசுகிற விஷயத்தைத் தாழ்ந்த குரலில் பேசுவது அவர் வழக்கம். இவரோ, "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"தலைவர் வேலை வேற ஒருத்தருக்குன்னு முடிவாயிடுச்சு!"

"இன்னும் சத்தமா."

"கேக்கற ஆளாத்தான் வேணும்னு மேல சொல்றாங்க! அதுக்காக உங்களை விட்டுடுவோமா? புதுச் சட்டப்படி தனியுரிமைப் பொறுப்பாளர்னு ஒருத்தர் வேணும். நீங்க இருங்க. உங்க வீட்டை மட்டும் அந்தக் கட்டுலேருந்து எடுத்துடறோம்!"

"மத்த வீடு?"

"மத்த வீட்டைப் பத்தி நமக்கென்னய்யா!"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்த அலுவலகத்தில் அன்று சுவருக்கு அது தேவையே படவில்லை.

பேர்க்காரர் ஒப்புக்கொண்டார். மகளின் படிப்பு இன்னும் முடியவில்லை. வீரம் காட்டுகிற வயதும் இல்லை. உடைந்த நாற்காலி அறைக்குப் பக்கத்தில், கண் மங்கியவரின் மேசைக்கு எதிரே, அவருக்கு மேசை போட்டார்கள்.

அந்த மேசைக்கு வந்த முதல் ஆட்கள் யார் என்பதுதான் வேடிக்கை. கீழ்த்தளத்தில் கட்டுக் கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக, பேச்சுவாக்கில் வந்தது போல் வந்தார்கள். "சார், எங்க வீடும் ஏதாவது கட்டுல இருக்குதான்னு பார்த்து, அதை மட்டும்…" என்றார்கள். 'அதை மட்டும்' என்பதை எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கட்டையே அவிழ்த்துவிடலாமே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒழுக்கம் என்பது தன் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிற தெருவிளக்கு என்று அந்த நிறுவனத்தில் எல்லாரும் கருத்தொருமித்து இருந்தார்கள்.

மேசை மாறிய அன்று வீட்டில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்." அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "கடையில நிக்கறேன். யாரு எதுக்கு மாத்திரை வாங்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? மேல்வீட்டுக்காரர்லேருந்து உங்க மேலாளர் வரைக்கும் தெரியும். தெரியுதுங்கறதுக்காகச் சொல்லிடறதா? காகிதப் பையில போட்டு மடிச்சுக் குடுக்கறேன்."

"பையில போடறதுக்கு முன்னாடி, வாங்கினதுக்குப் புள்ளி சேர்க்கற அட்டையைக் கேக்கறியே, தேய்க்கறதுக்கு. அது எங்க போகுதுன்னு நினைச்ச?"

"எங்க?"

"எங்க கீழ்த்தளத்துக்கு."

அவள் கை நின்றது. "அப்ப அந்தப் பை எதுக்கு?"

அந்தக் கேள்வி அவரை வேலை செய்யவைத்தது. தனியுரிமைப் பொறுப்பாளரின் கடமை, சம்மதத் திரையை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. அவர் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தார், பேர் வைத்தார். இந்த முறை உள்ளே இருப்பதன் பேரையே வைத்தார். பச்சையையும் சாம்பலையும் ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, மேலே எழுதினார்: 'நீங்கள் சம்மதித்தால் உங்கள் வீட்டில் நடப்பதை நாங்கள் பார்ப்போம். உங்களுக்குக் காது மந்தமானால், நீங்கள் சொல்லும் முன்பே உங்கள் குடும்பத்திடம் சொல்லுவோம். கடன் ஏறினால், மேலும் கடன் கொடுப்பவரிடம் சொல்லுவோம். தூக்கம் வராவிட்டால், அந்த நேரத்தில் எதையாவது விற்போம். இதற்கெல்லாம் எங்களுக்குப் பணம் வரும். உங்களுக்கு வராது.'

ஒப்புதலுக்காக மேலாளருக்கு அனுப்பினார். மேலாளர் கார் ஏறிக்கொண்டிருந்தார். சம்மதத் திரையை யார் படிக்கிறார்கள்? பச்சையை அழுத்தினார்.

அது வெளியே போய் ஒரு வாரம்வரை ஒன்றுமே நடக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான். அவ்வளவு பச்சையாக எழுதியும் பெரும்பாலான வீடுகளில் சம்மதத்தையே அழுத்தினார்கள். ஆட்டம் தொடங்கப்போகிறதே! மறுத்தவர்கள் முன்பைவிடச் சிலர் கூடியிருந்தார்கள், அவ்வளவுதான். மறுத்தவர்களில் ஒருவர் காது மெஷின் அம்மாள். அவர் வீட்டுத் தொலைக்காட்சியிலும் திரை வந்திருக்கிறது. நேரே விஷயத்துக்கு வருகிறவர் என்பதால் படித்துவிட்டார். தன் வீட்டுக்கு மறுப்பை அழுத்திவிட்டு, வியாபாரத்தைக் கெடுப்பது யார் என்று மேலாளருக்குப் போன் போட்டார்.

மேலாளர் நாற்காலி அறைக்கே ஓடி வந்தார். "யாருய்யா இதுக்கு ஒப்புதல் குடுத்தது?"

"நீங்கதான்."

"நான் அதைப் படிக்கவே இல்லையே!"

"அன்னைக்கு எனக்கும்தான் காதில விழல." எதிர் மேசையில் கண் மங்கியவர் குனிந்து சிரித்தார். "உங்க சம்மதம் பதிவாயிருக்கு சார். திரும்ப எடுக்கலாம். முப்பது வேலை நாள் ஆகும்."

அந்த நாட்களுக்குள் ஒரு மாலை, அவர் வீட்டுத் தொலைக்காட்சியிலும் புதுத் திரை வந்து நின்றது. ஆட்டம் தொடங்கும் நேரம். மகளின் கட்டை விரல் ரிமோட்டில் பச்சைக்கு மேல் வந்துவிட்டது.

"இரு, படிக்கறேன்" என்றாள் அவர் மனைவி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். அந்த வாரம்தான் வாங்கிய காது மெஷினில் ஒவ்வொரு சொல்லும் அவருக்குச் சுத்தமாகக் கேட்டது. மெஷின் வேறு நிறுவனத்துடையது. செத்துப்போன நம்பரைக் கொடுத்து வாங்கியிருந்தார்.

"பரவாயில்லையே, புரியற மாதிரி எழுதியிருக்கான் ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு அவள் மறுப்பை அழுத்தினாள். அதற்குள் ஆட்டத்தில் ஒரு கோல் விழுந்திருந்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வர்ணனையாளர் வீடு அதிரக் கத்தினார். மனைவி வழக்கம்போலக் கைபேசியை எடுத்தாள்.

"குறைச்சுடு" என்றார் அவர்.

குறைத்தாள். "இவ்வளவு போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."